உப்புக்காத்தா, அப்டேட்டா? பாம்பன் கடையில் மூன்று வருஷ லினக்ஸ் அனுபவம்

பாம்பனில் பஸ் போகும் சாலையோரம் எனக்கு ஒரு சின்னக் கணினிக் கடை. ஆன்லைன் விண்ணப்பம், ஹால் டிக்கெட், ஜெராக்ஸ், லேமினேஷன். சாயங்காலமானால் நாட்டுப்படகுக்காரர்கள் எட்டிப்பார்த்து, "நாளைக்குக் காத்து எப்படித் தம்பி?" என்பார்கள். ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பைத் திறந்து காட்டுவேன். இத்தனைக்கும் ஒரே லேப்டாப், ஒரே வைஃபை.

அந்த லேப்டாப்பில் 2022 ஆகஸ்டில், விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளமான லினக்ஸைப் போட்டேன். எட்டு வருஷப் பழசு, 4 ஜிபி ரேம். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டியிருந்தேன். லினக்ஸ் எனக்குப் புதிதில்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் தங்கச்சிக்குக் கிடைத்ததில் பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. அதை நோண்டித்தான் பழகினேன். இந்த மூன்று வருஷத்தில் வேகம், பிரிண்டர், தமிழ் தட்டச்சு எதிலும் எனக்குப் பெரிய குறை இல்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வைஃபை மட்டும்தான். மூன்று முறை போனது, மூன்று முறையும் அப்டேட் போட்ட மறுநாள். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. எங்கள் ஊர்ப்பக்கம் இதே லேப்டாப் கவலையோடு இருக்கிறவர்களுக்காக அதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் தடவை 2023 மே மாதம். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆட்கள் கரையில் இருப்பதால், ஒத்திப்போட்ட பேங்க் வேலை, ஆதார் வேலை எல்லாம் அப்போதுதான் கடைக்கு வரும். கூடவே பிளஸ் டூ ரிசல்ட், காலேஜ் விண்ணப்பம். முந்தின இரவு அப்டேட் போட்டுவிட்டு மூடிய லேப்டாப்பைக் காலையில் திறந்தால், மூலையில் வைஃபை அடையாளமே இல்லை. அணைந்திருக்கிறது என்றுகூடக் காட்டவில்லை. அப்படி ஒரு பொருளே இந்த மெஷினில் இல்லை என்பதுபோல் இருந்தது.

ரூட்டரை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பை நாலு தடவை ரீஸ்டார்ட் செய்தேன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ராமநாதபுரம் பஸ் ஏறினேன். அங்கே ஒரு சர்வீஸ் கடையில் இருந்தவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "பாம்பன்லேர்ந்தா வர்றீங்க? அப்ப உப்புதான். போர்டுல ஏறிருக்கும். மாத்தணும், ஆறாயிரத்து ஐநூறு ஆகும்" என்றார். நானும் நம்பினேன். நம்பாமல் இருக்க முடியாத ஊர் இது. கேட் கீலிலிருந்து ஃபேன் றெக்கைவரை எல்லாம் இங்கே துருப்பிடிக்கும். காசு கையில் இல்லாததால்தான் லேப்டாப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் கடைக்கு வந்த ஒரு நாட்டுப்படகு அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நடுக்கடல்ல எஞ்சின் நின்னா மொதல்ல ஏர் புடிச்சிருக்கா, டீசல் வருதான்னுதான் தம்பி பாப்போம். எடுத்த எடுப்புல எஞ்சினையா இறக்குவோம்?" நேற்று ராத்திரிவரை ஓடிய பொருளில் ராத்திரிக்குள் எது மாறியது என்று அப்போதுதான் யோசித்தேன். உப்பு ஒரே ராத்திரியில் ஏறாது. ராத்திரியில் மாறியது கெர்னல்தான்.

லினக்ஸில் கெர்னல் என்பது அடித்தளம். வன்பொருளோடு பேசுவது அதுதான். புதுக் கெர்னல் வந்தாலும் பழையது ஒன்றை உடனே அழித்துவிடாமல் வைத்திருக்கும். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஸ்கேப் விசையைத் தட்டினால் (பழைய பயாஸ் மெஷின் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால்) எதில் ஏற்றுவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் போனால் பழைய கெர்னலும் பட்டியலில் நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினேன். அரை நிமிஷம். மூலையில் வைஃபை அடையாளம் வந்து உட்கார்ந்தது. கடை ரூட்டரின் பெயர், பக்கத்து மெடிக்கல் ஷாப் பெயர், எல்லாம் வரிசையாக ஏறின. போர்டு போயிருந்தால் இது நடக்காது. வைஃபை கார்டு நல்ல கார்டு.

அப்புறம் காரணத்தைத் தேடினேன். கட்டளை தட்டும் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கே என்ற எழுத்தோடு சேர்த்து (lspci -k) கொடுத்தால், உள்ளே மாட்டியிருக்கும் ஒவ்வொரு கார்டும் அதன் கீழே எந்த டிரைவர், அதாவது கார்டை ஓட்டும் மென்பொருள், ஓடுகிறது என்ற வரியும் வரும். புதுக் கெர்னலில் வயர்லெஸ் கார்டின் பெயர் இருந்தது, டிரைவர் வரி இல்லை. என் பழைய கார்டின் டிரைவர் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. தனியாக நிறுவ வேண்டும். ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் அதை மறுபடி கட்டித்தர டி.கே.எம்.எஸ். என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் கட்டுவதற்கு அந்தந்தக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் (டிரைவர் கட்டத் தேவையான குறிப்புக் கோப்புகள்) வேண்டும். நான் முதலில் நிறுவும்போது அன்றைய கெர்னலின் ஹெடரை மட்டும் இறக்கியிருந்தேன். கெர்னலோடு கூடவே ஹெடரையும் புதுப்பிக்கும் பொதுத் தொகுப்பை நிறுவவில்லை. புதுக் கெர்னல் வந்தது, ஹெடர் வரவில்லை, டிரைவர் கட்டப்படவில்லை. அவ்வளவுதான் வியாதி.

டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். போனை சார்ஜர் கேபிளில் லேப்டாப்போடு மாட்டி, போன் அமைப்பில் யு.எஸ்.பி. டெதரிங்கை ஆன் செய்தால் போதும். லேப்டாப் அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். வைஃபை டிரைவரே தேவையில்லை. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் சில உண்டு. டேட்டா போகும் கேபிளாகப் பார்த்து மாட்டுங்கள், நான் ஒரு மணி நேரம் இதிலேயே விட்டேன். ஹெடர் பொதுத் தொகுப்பை நிறுவினேன். டி.கே.எம்.எஸ். தானாகவே டிரைவரைக் கட்டியது. ரீஸ்டார்ட். செலவு ஒரு ரூபாய் இல்லை.

மண்டபம் ஊரில் ஒரு நண்பருக்கு இதே கதை, கூடுதலாக ஒரு முடிச்சு. டிரைவர் கட்டப்பட்டும் ஏறவில்லை. அவருடைய மெஷினில் செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தது. டிஜிட்டல் கையெழுத்தில்லாத டிரைவரை அது உள்ளே விடாது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும், அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத்திரை வரும். அதில் 'என்ரோல் மாக்' (அந்தக் கையெழுத்துச் சாவியைச் சேர்ப்பது) என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நண்பர் அந்த நீலத்திரையைப் பார்த்துப் பயந்து வெளியே வந்திருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை.

தனி டிரைவர் தொல்லை பிடிக்காமல், கெர்னலிலேயே டிரைவர் உள்ள வேறு கார்டு ஒன்றை அந்த வருஷக் கடைசியில் பழைய சாமான் கடையில் வாங்கி மாட்டினேன். இந்த மூன்று வருஷத்தில் நான் செய்த ஒரே நல்ல செலவு இதுதான் என்பேன்.

இரண்டாவது தடவை 2024 பிப்ரவரியில். அப்டேட் போட்ட ராத்திரி கரண்ட் போய் வந்தது. காலையில் லேப்டாப்பில் மெடிக்கல் ஷாப் வைஃபை தெரிகிறது, எதிர்வீட்டு வைஃபை தெரிகிறது, என் கடை வைஃபை மட்டும் தெரியவில்லை. போனில் நன்றாகத் தெரிகிறது. அப்டேட்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆனாலும் முதல் தடவை படித்த பாடம். பழைய கெர்னலில் ஏற்றிப் பார்த்தேன். அதிலும் தெரியவில்லை. நேற்றுவரை எல்லாவற்றையும் காட்டிய கெர்னல் இன்றைக்குக் காட்டவில்லை என்றால் புதுக் கெர்னல் மேல் பழி இல்லை.

ரூட்டரின் அமைப்புக்குள் போனால் விஷயம் விளங்கியது. சேனல், அதாவது ரூட்டர் பேசும் அலைவரிசைப் பிரிவு, 'ஆட்டோ'வில் இருந்தது. கரண்ட் போய் வந்தபோது அது 13-ஆம் சேனலுக்கு நகர்ந்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 13-ஆம் சேனலை இந்தியாவில் பயன்படுத்தலாம், அமெரிக்காவில் 11-உடன் வழக்கமாக நிறுத்திவிடுவார்கள். பழைய சாமான் கடையில் நான் வாங்கிய கார்டுக்குள் பதிந்திருந்தது அமெரிக்க நாட்டுக் குறி. ஆகவே 12, 13 பக்கம் அது காதே கொடுக்காது. ரூட்டரை 6-ஆம் சேனலில் நிலையாக நிறுத்தினேன். அந்த நிமிஷமே பெயர் வந்தது. ஒன்றையொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11. பக்கத்துக் கடைகள் எதில் இருக்கின்றன என்று பார்த்து, மூன்றில் நெரிசல் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் என்னை ரொம்பக் குழப்பியது. 2024 நவம்பர் 20 மழையை எங்கள் தீவில் யாரும் மறக்கவில்லை. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கடைக்குள் தண்ணீர் வந்து, வடிந்த பிறகும் ஒரு வாரம் சுவரெல்லாம் ஈரம். லேப்டாப்பை மேல் தட்டில் வைத்திருந்ததால் நனையவில்லை. டிசம்பரில் ஒரு அப்டேட் போட்டேன். மறுநாள் வைஃபை இருக்கிறது, ஆனால் ஒரு கோடு. பக்கத்தில் போனால் இரண்டு கோடு. கடல்பாசி எடுக்கும் ஒரு அக்கா பேங்க் விண்ணப்பத்துக்காக உட்கார்ந்திருந்தார். படம் ஏறுவதற்குள் பக்கம் மூன்று தடவை அறுந்தது. "நான் பெறகு வர்றேன் தம்பி" என்று அவர் எழுந்துபோனது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் கடல் வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

முதலில் மின்சேமிப்பைச் சந்தேகப்பட்டேன். வயர்லெஸ் கார்டைத் தூங்கவிட்டு பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பு அது. லினக்ஸில் நெட் இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரில் அதன் மதிப்பு 3 என்றால் ஆன், 2 என்றால் ஆஃப். 2 ஆக்கினேன். மாற்றமில்லை. பழைய கெர்னலில் ஏற்றினேன். அங்கேயும் ஒரு கோடுதான். சிக்னல் அளவு மைனஸ் 80 டி.பி.எம்.-ஐத் தாண்டிக் கிடந்தது (மைனஸ் எண் பெரிதாக ஆக சிக்னல் பலவீனம்). அதே மேஜையில் முன்பு மைனஸ் 50 சொச்சம் இருக்கும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்தேன். வயர்லெஸ் கார்டின் ஓரத்தில் இரண்டு ஆன்டெனா வயர்கள், கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. ஒவ்வொன்றின் முனையிலும் மிளகைவிடச் சின்ன வட்டப் பொத்தான், கார்டின் மேல் அழுத்தி மாட்டியிருக்கும். கறுப்பு வயரின் பொத்தானைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. கோயில் பித்தளை மணியில் பார்ப்போமே, அந்தப் பச்சை. நகத்தால் தொட்டேன், மாவாக உதிர்ந்தது. வெள்ளை வயர் சுத்தமாக இருந்தாலும் அரைகுறையாகத்தான் அமர்ந்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துப் பொத்தானையும் கார்டின் முனையையும் துடைத்து, ஃபேனடியில் கால் மணி நேரம் காயவைத்து, 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினேன். சிக்னல் மைனஸ் 55-க்கு வந்தது. முதல் தடவை உப்பு என்றார்கள், அப்டேட்டாக இருந்தது. மூன்றாவது தடவை அப்டேட் என்று நான் நினைத்தேன், உப்பாக இருந்தது.

ஆகவே யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, "பழைய கெர்னலில் ஏற்றிப் பார்த்தீர்களா?" அதில் வேலை செய்தால் டிரைவர் பக்கம் தேடுங்கள். அதிலும் அதே கோளாறு என்றால் ரூட்டர், ஆன்டெனா, வயர் பக்கம் போங்கள். காசு கொடுத்து போர்டு மாற்றுவதெல்லாம் இதற்கப்புறம். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதற்கு ஈடாக ஒன்று உண்டு. டிவைஸ் மேனேஜரில் வயர்லெஸ் கார்டின் டிரைவர் பகுதிக்குள் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கும். புதிதாக வந்த டிரைவர்தான் காரணம் என்றால் அது பழையதற்குத் திருப்பிவிடும்.

இந்தத் தொல்லையெல்லாம் பார்த்துவிட்டு அப்டேட்டையே நிறுத்திவிட்ட கடைக்காரர்களை எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. 2017 அக்டோபரில் கிராக் என்ற ஓட்டை வெளியே வந்தது. வைஃபையைப் பூட்டும் டபிள்யு.பி.ஏ.2 பாதுகாப்பிலேயே இருந்த ஓட்டை, கடவுச்சொல் எவ்வளவு பலமாக இருந்தாலும் உதவாது. அதை அடைத்தது அப்டேட்தான். நம்மிடம் ஜனங்கள் ஆதார் எண்ணையும் பாஸ்புக்கையும் நம்பிக் கொடுக்கிறார்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் ஓடிபி வந்த போனையே கையில் தந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஓட்டை அடைக்காத மெஷினில் அவர்கள் வேலையைச் செய்ய எனக்கு மனசு வராது.

நான் வைத்திருக்கும் ஒழுங்கு இவ்வளவுதான்: விசைப்படகு கடலுக்குப் போகிற நாளுக்கு முந்தின நாளும், எந்த விண்ணப்பத்துக்கும் கடைசித் தேதி நெருங்கும் வாரத்திலும் அப்டேட் போடுவதில்லை. போட்டால் சனிக்கிழமை ராத்திரி. ஞாயிறு காலை பழுதுபார்க்க நேரம் இருக்கும். கல்லாப்பெட்டிக்குள் வெளியே செருகும் ஒரு சின்ன யு.எஸ்.பி. வைஃபை டாங்கிளும், டேட்டா போகும் கேபிளும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் இருக்கின்றன. டாங்கிள் வாங்கும்போது டப்பாவின் மேல் போட்டிருக்கும் வேகத்தைப் பார்க்காதீர்கள். உள்ளே எந்த சிப், அதன் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைத் திறந்து அந்தக் கறுப்பு வயரைப் பார்க்கிறேன். வாடைக்காத்து முடிந்ததும் ஒன்று, தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காத்து ஓய்ந்ததும் ஒன்று.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. மூடி வைத்த லேப்டாப்பைத் திறந்தால் வைஃபை பிடிக்க முப்பது விநாடி ஆகிறது. புதுக் கெர்னல், பழைய கெர்னல் இரண்டிலும் அப்படியே. இந்தக் கச்சான் முடிந்து மூடியைத் திறக்கும்போது வெள்ளை வயரையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.