வைரஸ் பரவலைக் குறைக்க எந்த மவுத்வாஷ்? என் ஓட்டு சிபிசிக்கு

வீட்டில் ஒருவர் ஃப்ளூவில் படுத்தபோது, அவர் வாயிலிருந்து கிளம்பும் வைரஸைக் கொஞ்சமாவது குறைக்கலாமே என்று மவுத்வாஷ் தேடினேன். போட்டியில் நின்றவை மூன்று: குளோர்ஹெக்சிடின், போவிடோன் அயோடின், சிபிசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் செட்டில்பிரிடினியம் குளோரைடு. வாங்கியது சிபிசி.

குளோர்ஹெக்சிடின் ஈறு நோய்க்கு அருமையான மருந்து. ஆனால் கொரோனா வைரஸை வைத்துச் செய்த ஆய்வகச் சோதனைகளில் பின்தங்கிவிட்டது, தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறையும் படியும். இந்த வேலைக்கு வேண்டாம்.

வேகத்தில் போவிடோனை அடித்துக்கொள்ள ஆளில்லை. 0.5% கரைசலே ஆய்வகத்தில் 15 விநாடியில் கொரோனா வைரஸைச் செயலிழக்க வைத்திருக்கிறது. ஆனாலும் நான் பார்த்தது, தினமும் பலமுறை தயங்காமல் கொப்பளிக்க முடியுமா என்பதைத்தான். ஏனென்றால் எந்த மவுத்வாஷும் எச்சிலிலும் வாயின் மேற்பரப்பிலும் இருக்கும் வைரஸைத்தான் தொடும். அது பெருகுவதோ மூக்கு, தொண்டை செல்களுக்கு உள்ளே, ஆகவே துப்பிய கொஞ்ச நேரத்தில் புது வைரஸ் வாய்க்கு வந்துகொண்டே இருக்கும். காலையில் ஒரு தடவை கொப்பளித்துவிட்டு நாள் முழுக்க நிம்மதியாக இருக்க முடியாது, மருந்து கொடுக்க யாராவது பக்கத்தில் வரும்போதெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும். அயோடின் சிக்குவது இங்கேதான். அது வாய்ச் சவ்வு வழியாக உடம்பில் ஏறும். தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. எங்கள் நோயாளி தைராய்டு மாத்திரை எடுப்பவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சிபிசி, ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸ்களைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையைக் குலைக்கும் வேதிப்பொருள். வாய்ச் சவ்வில் ஒட்டிக்கொண்டு சில மணி நேரம் தங்கும். கொரோனா காலத்தில் சிங்கப்பூரில் 16 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், சிபிசியும் போவிடோனும் வெறும் தண்ணீரைவிட 6 மணி நேரம் கழித்தும் எச்சிலில் வைரஸ் அளவைக் குறைத்துக் காட்டின. ஆட்கள் மிகக் குறைவு, அதனால் இதைப் பெரிய ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பல் தேய்த்த கையோடு கொப்பளிக்காதீர்கள், பேஸ்டின் நுரைப்பொருள் சிபிசியின் வேலையைக் கெடுக்கும்; தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் விட்டுச் செய்யலாம். ஆல்கஹால் இல்லாததாகப் பார்த்து வாங்கினால் புண்பட்ட தொண்டைக்கு எரிச்சல் குறையும்.

இதற்கும் எல்லை உண்டு. சாதாரண சளியைக் கொண்டுவரும் ரைனோ வைரஸுக்குக் கொழுப்பு உறையே கிடையாது, அங்கே சிபிசியை நம்ப வேண்டாம். ஃப்ளூவிலும்கூட மூக்கிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் வரும் துளிகளை இது தடுக்காது, அதற்கு மாஸ்க்கும் திறந்த ஜன்னலும்தான்.

சரி, நோய் இல்லாதவர்கள் தற்காப்புக்குக் கொப்பளித்தால்? ஜப்பானில் 387 பேரிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், வெறும் தண்ணீரில் கொப்பளித்தவர்களுக்குச் சளித்தொல்லை குறைந்தது, போவிடோனில் கொப்பளித்தவர்களுக்குச் சொல்லும்படி குறையவில்லை. நோய் இல்லாதவர்களுக்குப் பாட்டிலே வேண்டாம், தண்ணீர் போதும் என்பேன்.