டேபிள் டென்னிஸில் கால் நகர்வைப் பழக்க எது முதலில்: ஷேடோவா, ஃபால்கன்பெர்க்கா, மல்டிபாலா, ரோபோட்டா?

டேபிள் டென்னிஸ் மேசையின் அகலம் 1.525 மீட்டர். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இரண்டே எட்டு. அவ்வளவு சின்ன இடத்தில்தான் கிளப் ஆட்டக்காரர்கள் பாயின்ட்டுகளைக் காலால் இழந்துகொண்டே இருக்கிறார்கள். பந்து வலையில் விழுந்ததும் பேட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள், ரப்பரைத் துடைப்பார்கள். அடித்த நொடியில் குதிகால் தரையில் ஒட்டியிருந்ததும், உடம்பு நகராமல் கை மட்டும் நீண்டதும் பக்கத்து மேசைக்காரருக்குத்தான் தெரிந்திருக்கும்.

இதைச் சரிசெய்ய நாலு வழி புழக்கத்தில் இருக்கிறது. பந்தில்லாமல் ஆடிப் பார்க்கும் ஷேடோ பிராக்டிஸ், எதிரே ஒருவரை நிறுத்தி மூன்று பந்து வரிசையைத் திரும்பத் திரும்ப ஆடும் ஃபால்கன்பெர்க் டிரில், கோச் வாளிப் பந்துகளைப் போட்டுக்கொண்டே இருக்கும் மல்டிபால், மெஷின் பந்து போடும் ரோபோட். ஒவ்வொரு கோச்சும் ஒன்றை உயர்த்திப் பேசுவார். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒரு மணி நேரம் மேசை கிடைக்கிற சாதாரண ஆட்டக்காரர் எதில் தொடங்குவது? ஃபால்கன்பெர்க்கில்தான் என்பது என் முடிவு. காரணத்துக்கு வருவதற்கு முன் நிற்கும் நிலையைப் பேசிவிடலாம். ஸ்டான்ஸ் சரியில்லாதவருக்கு இந்த நாலில் எதுவும் பலன் தராது.

கால்கள் இணையாகவா, வலது கால் பின்னாலா?

வலக்கைக்காரரை வைத்தே எழுதுகிறேன். இடக்கைக்காரர்கள் அப்படியே மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பாணிகள் உண்டு. இரண்டு பாதமும் மேசைக்கு இணையாக ஒரே கோட்டில் நிற்பது ஒன்று. வலது பாதத்தை அரைப் பாத அளவு பின்னால் வைப்பது இன்னொன்று. இணையாக நின்றால் பேக்ஹேண்ட் (புறங்கை முன்னால் வர இடப்பக்கம் அடிப்பது) வேகமாக வரும், பிளாக் செய்ய, அதாவது வரும் பந்தைத் தடுத்துத் திருப்ப வசதி, மேசையை ஒட்டியே ஆடலாம். வலது கால் பின்னால் இருந்தால் இடுப்பு முன்கூட்டியே கொஞ்சம் திரும்பியிருக்கும், ஃபோர்ஹேண்டில் (உள்ளங்கை முன்னால் வர வலப்பக்கம் அடிப்பது) பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் டாப்ஸ்பின்னுக்குத் தொடையின் பலம் முழுசாகக் கிடைக்கும்.

பழைய ஆசியப் பாணி வலது காலை நன்றாகவே பின்னால் தள்ளி வைக்கச் சொல்லும். பேட்டின் ஒரு பக்கம் மட்டும் ரப்பர் ஒட்டி, அதைப் பேனா போலப் பிடித்து ஆடிய பென்ஹோல்ட் ஆட்டக்காரர்கள் பேக்ஹேண்ட் மூலைக்கு வந்த பந்தையும் சுற்றிப் போய் ஃபோர்ஹேண்டால் அடித்த காலம் அது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் கொரியாவின் ரியூ சியூங் மின், சீனாவின் வாங் ஹாவை 4-2 என்று வென்றது அந்த ஆட்டத்தின் உச்சம். அதைத் தேடிப் பாருங்கள், கண் பந்தை விட்டுவிட்டு அவர் கால்களுக்கே போகும். அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒருபக்க ரப்பரோடு யாரும் ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் வாங்கவில்லை. 2000இல் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது, 2014இல் செல்லுலாய்ட் போய் பிளாஸ்டிக் வந்தது. இரண்டு மாற்றமும் சுழற்சியைக் குறைத்தன. ஓர் அடியில் பாயின்ட் முடிப்பது கடினமாகி, இரண்டு பக்கமும் சமமாக ஆடுகிறவருக்கு மவுசு கூடியது. ஸ்டான்ஸும் அதற்கேற்ப இணை நிலையை நோக்கி நகர்ந்தது.

சென்னையின் சர்வதேச ஆட்டக்காரர்கள் இருவரை எடுத்துக்கொண்டாலே வித்தியாசம் புரியும். சரத் கமல் ஆறடிக்கு மேல் உயரம், கை நீளம், ஃபோர்ஹேண்டில் அசுர பலம். மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று அடிக்க அவருக்கு இடம் வேண்டியிருந்தது. சத்தியன் மேசையை ஒட்டி நின்று, பந்து எழும்பும்போதே எடுத்து, எதிராளிக்கு நேரம் தராமல் ஆடுகிறவர். ஒருவர் நிற்பதைப் பார்த்து இன்னொருவர் மாதிரி ஆட முயன்றால் ஒட்டாது. யூடியூபில் யாரையாவது பார்த்து நிலையை மாற்றுகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: முதலில் உங்கள் ஆட்டம் எது என்று பாருங்கள்.

கிளப் ஆட்டக்காரருக்கு நான் சொல்வது நடுவழி. பாதங்கள் தோள் அகலத்தைவிட நன்றாகவே அகன்று, ஒன்றரை மடங்கு வரை. வலது பாதம் சில அங்குலம் மட்டும் பின்னால். முழங்கால் மடங்கி, நெஞ்சு முன்னால் சாய்ந்து, எடை முன்பாதத்தில். குதிகாலுக்கு அடியில் ஒரு தாள் நுழைய வேண்டும். கையையும் பேட்டையும் நீட்டினால் பேட் மேசையின் விளிம்பைத் தொடும் தூரம். மேசைக்கு நடுவில் நிற்கக் கூடாது, வலது கால் ஏறக்குறைய நடுக்கோட்டுக்கு நேரே வரும்படி இடப்புறம் தள்ளி நிற்க வேண்டும். ஃபோர்ஹேண்டில் கை எட்டும் தூரம் அதிகம், பேக்ஹேண்டில் குறைவு என்பதுதான் காரணம்.

அகலமாக நிற்பதில் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. தொடையில் பலமில்லாதவர் ரொம்ப அகட்டி நின்றால் முதல் நகர்வே வராது, அங்கேயே நட்டு வைத்த மாதிரி நின்றுவிடுவார். அவர் கொஞ்சம் குறுக்கி நிற்கலாம், தவறில்லை. தொடை பலமாக ஆக அகலம் தானாகக் கூடும்.

ஷேடோ பிராக்டிஸ்

செலவே இல்லாதது, மேசையும் வேண்டாம். வீட்டு மாடியில் சாக்பீஸால் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பக்கவாட்டில் நகர்ந்து ஃபோர்ஹேண்ட் வீசிப் பார்க்கலாம். பந்து இல்லாததால் மனசு முழுக்கக் காலில் இருக்கும், ஸ்டான்ஸைப் பதியவைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

குறை என்னவென்றால், சொல்ல ஆளில்லாவிட்டால் தவறும் அதே உறுதியோடு பதியும். களைப்பு வந்ததும் நிமிர்ந்துவிடுவார்கள், வீச்சு பாதியில் நிற்கும், வேகம் மட்டும் கூடும். போனைத் தரையோடு தரையாகச் சாய்த்து வைத்து, இடுப்புக்குக் கீழே மட்டும் படம் பிடியுங்கள். தலை ஒரே உயரத்தில் போகிறதா என்று தனியாக ஒருமுறை எடுங்கள். ஒவ்வொரு நகர்விலும் தலை ஏறி இறங்கினால் முழங்கால் நிமிர்கிறது என்று அர்த்தம். அரை நிமிடம் செய்து அரை நிமிடம் ஓய்வு, ஐந்தாறு தடவை போதும்.

சிலர் இதற்குப் பதிலாகத் தரையில் ஏணி போல விரித்து வைக்கும் லேடர் பயிற்சியைச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. லேடரில் பாதங்கள் உடம்புக்கு நேர் கீழே டக் டக்கென்று விழுகின்றன. நம் ஆட்டத்துக்கு வேண்டியதோ அகன்ற நிலையிலிருந்து தரையை உதைத்துப் பக்கவாட்டில் போவது. அதற்குப் பதில் ஸ்கிப்பிங் கயிறு எடுங்கள், கெண்டைக்காலுக்காவது நல்லது.

ஃபால்கன்பெர்க்

ஸ்வீடனில் உள்ள ஓர் ஊரின் பெயர் ஃபால்கன்பெர்க். 1971இல் நகோயாவில் உலக சாம்பியனான ஸ்டெல்லான் பெங்ட்சன் அந்த ஊர்க்காரர். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவிய டிரில் இது. எதிரே நிற்பவர் உங்கள் பேக்ஹேண்ட் மூலைக்கு இரண்டு பந்து, ஃபோர்ஹேண்ட் மூலைக்கு ஒரு பந்து என்று மாறாமல் பிளாக் செய்வார். முதல் பந்துக்கு பேக்ஹேண்ட். அதே மூலைக்கு வரும் இரண்டாவதுக்குச் சுற்றிப் போய் ஃபோர்ஹேண்ட். மூன்றாவதுக்கு மேசையின் முழு அகலத்தையும் கடந்து வலது மூலையில் ஃபோர்ஹேண்ட். அப்புறம் மறுபடி பேக்ஹேண்டுக்குத் திரும்பி வர வேண்டும்.

நாலில் இதை முதலில் வைக்கக் காரணம், மூன்றே பந்தில் ஆட்டத்தின் முக்கிய நகர்வுகள் எல்லாம் வந்துவிடுகின்றன. சுற்றிப் போவது ஒன்று: இடது கால் மேசையின் இடது ஓரத்துக்கு வெளியே போய் ஊன்றும், வலது கால் பின்னால் சுழன்று வரும். வலப்பக்கம் நீளமாகப் போவது இரண்டு. அடித்த கையோடு திரும்பி வருவது மூன்று. எல்லாவற்றையும்விட, உண்மையான பந்து, உண்மையான எதிராளி, நீங்கள் போட்ட பந்தைப் பொறுத்தே அடுத்த பந்து வரும். மோசமாக அடித்தால் டிரில் அங்கேயே நின்றுவிடும்.

கிட்டத்தில் நின்று பார்த்தால் டிரில் ஒரே இடத்தில்தான் உடைகிறது, இரண்டாவது பந்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். சுற்றிப் போய் ஃபோர்ஹேண்டை ஓங்கி அடித்த வேகத்தில் உடம்பு இடது பக்கம் சாய்ந்து, எடை முழுக்க இடது காலில் இறங்கியிருக்கும். பந்து அதற்குள் வலது மூலைக்குக் கிளம்பிவிட்டது. இப்போது ஆட்டக்காரர் முதலில் நிமிர்கிறார், அப்புறம் வலது காலை ஒரு பெரிய எட்டாக வீசுகிறார், இடது கால் பின்னாலேயே கிடக்கிறது, கை நீண்டு பந்தை ஒரு தட்டுத் தட்டுகிறது. சரியான நகர்வில் இடது கால்தான் உதைக்கும். உதைத்த கால் வலது காலை நோக்கி உள்ளே வரும், வலது கால் வெளியே போகும், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தரையிறங்கும், அகலம் மாறாது. காதிலேயே கேட்கலாம்: சரியாகச் செய்தால் ஷூ சத்தம் கிட்டத்தட்ட ஒற்றைச் சத்தமாக வரும், தவறாகச் செய்தால் 'தட்... தட்' என்று பிரிந்து கேட்கும்.

மருந்து, இரண்டாவது பந்தை எழுபது சதவீத பலத்தில் அடிப்பது. கோச்சுகள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகும் விஷயம் இது. வேகம் வேண்டாம், வட்டம் உடையாமல் சுற்ற வேண்டும். வலது மூலைப் பந்து ரொம்ப வெளியே போனால் மட்டும் இடது காலை வலது காலுக்கு முன்னால் குறுக்கே போடும் கிராஸ்ஓவர். அதில் எட்டும் தூரம் அதிகம், ஆனால் அடித்து முடித்ததும் கால்கள் பின்னிக் கிடக்கும், திரும்பி வர நேரம் எடுக்கும். முதல் சில மாதம் கிராஸ்ஓவர் வேண்டாம் என்பேன்.

இதற்கும் குறை உண்டு. எதிரே நிற்பவர் ஒழுங்காக பிளாக் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும், இரண்டு பேரும் ஒரே நிலை ஆரம்பக்காரர்கள் என்றால் மூன்று பந்துக்கு மேல் போகாது. அடுத்த பந்து எங்கே வரும் என்று முன்பே தெரிந்திருப்பது இன்னொன்று. பாதை பழகும், புறப்பாடு பழகாது. மேட்சில் எதிராளியின் பேட் பந்தைத் தொடும் நேரத்தில் ஒரு சின்னத் துள்ளல் போட்டு, எந்தப் பக்கமும் போகத் தயாராக இறங்க வேண்டும். மனப்பாடமான டிரில்லில் அந்தத் துள்ளல் தேவைப்படுவதே இல்லை. அதனால் வட்டம் நன்றாகச் சுற்றத் தொடங்கியதும், பேக்ஹேண்ட் மூலைக்கு எத்தனை பந்து என்பதை எதிரே நிற்பவரிடமே விட்டுவிடுங்கள். ஒன்று போடலாம், மூன்று போடலாம். ஆட்டம் அப்படியே மாறிவிடும்.

மல்டிபால்

வாளி நிறையப் பந்து, கோச் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிக்கொண்டே இருப்பார். சீனப் பயிற்சிக் கூடங்களின் முதுகெலும்பு இதுதான். குறைந்த நேரத்தில் அதிகப் பந்து, இடைவேளையே இல்லை, வேண்டிய இடத்தில் வேண்டிய சுழற்சியோடு பந்து. எதிரே பிளாக் செய்ய ஆள் தேவையில்லாததால் ஆரம்பக்காரருக்கும் உதவும்.

ஆனால் நம் கூடங்களில் இது நடக்கும் விதம் எனக்கு வருத்தம் தருகிறது. அடித்த பந்து போய்ச் சேர்வதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். பிள்ளை நிலைக்குத் திரும்பாமலே அடுத்ததை அடிக்கும், வியர்த்துக் கொட்டும், பெற்றோருக்குத் திருப்தி. உள்ளே பழகியது என்ன? திரும்பி வராமல் அடிப்பது. பந்துகளுக்கு இடையில் சாதாரண ரேலியின் (இருவர் மாறி மாறி அடிப்பதன்) இடைவெளி இருக்க வேண்டும், இருபது பந்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். இன்னொன்று, கோச் மேசையின் பக்கவாட்டில் நின்று போடுவதால் பந்து வரும் கோணம் மேட்சில் வருவது போல இருக்காது. மேசையின் எதிர்முனைக்குப் பின்னால் போய் நின்று போடச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கோச் கையில் மல்டிபால் ஃபால்கன்பெர்க்குக்கு ஒரு படி மேலே போகும். அது எல்லோருக்கும் வாய்க்காது என்பதால்தான் இரண்டாம் இடம்.

ரோபோட்

ஆள் கிடைக்காதவருக்கு வரம். 2020 ஊரடங்கில் சத்தியன் வீட்டிலேயே ரோபோட்டை வைத்துப் பயிற்சி செய்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரே மாதிரி பந்து அலுக்காமல் வரும், வீச்சைத் திருத்த, மூச்சுத் திறனை வளர்க்க நல்லது. எந்த மூலைக்கு என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போடும் வசதியுள்ள மெஷின் என்றால் கால் கொஞ்சம் விழிப்பாக இருக்கும்.

ஆனால் மெஷினுக்குத் தோள் இல்லை, இடுப்பு இல்லை. எதிராளியின் தோள் திரும்புவதைப் பார்த்தே பந்து எங்கே வரும் என்று ஊகிக்கிறோம், கால் அங்கேதான் கிளம்புகிறது. சர்வதேச ஆட்டக்காரருக்கு அந்த வாசிப்பு ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கிறது. பழகிக்கொண்டிருப்பவர் மெஷினிடமே பழகினால், மேட்சில் பந்து பாதி வழி வந்தபிறகுதான் நகர்வார். ஃபுட்வொர்க்குக்கு என்றே ரோபோட் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

யாருக்கு எது?

தினமும் வரும் பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு ஷேடோவும் நிதானமான மல்டிபாலும். நான் மேலே சொன்ன, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஆடும் ஆட்டக்காரருக்கு வார்ம்அப்பில் ஐந்து நிமிடம் ஷேடோ, பிறகு கால் மணி நேரம் ஃபால்கன்பெர்க், மீதி நேரம் ஆட்டம். தனி ஆளாக இருப்பவருக்கு ஷேடோவும் ரோபோட்டும், ஆனால் வாரத்தில் ஒருமுறையாவது மனிதரோடு.

நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சுற்றிப் போய் அடிக்கும் ஃபோர்ஹேண்ட் முழங்காலையும் இடுப்பையும் அதிகம் கேட்கும். இரண்டாவது பந்தையும் பேக்ஹேண்டாலேயே எடுத்து, மூன்றாவதுக்கு மட்டும் நகரும்படி டிரில்லை மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டான்ஸை இணை நிலைக்குக் கொஞ்சம் கொண்டுவாருங்கள். உங்கள் கூடம் சிமென்ட் தரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். குதிகால் தடித்த ஓட்ட ஷூ போட்டுப் பக்கவாட்டில் நகர்ந்தால் கணுக்கால் பிரளும், கம் சோல் (ரப்பர் அடிப்பாகம்) உள்ள பேட்மின்டன் ஷூ போதும். சென்னை வெயிலில் காற்றில் பந்து அலையும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு ஆடுவோம், வியர்வை சொட்டித் தரை வழுக்கும். டிரில் தொடங்கும் முன் ஒரு துணியைப் பக்கத்தில் போட்டு வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் தரையைத் துடைத்துக்கொள்ளுங்கள்.