கொடியா பொறியா: கொம்பைலரில் புளோட்டிங் பொயின்ட் எக்செப்ஷனை எப்படிப் பிடிப்பது?

கோப்பாய்ப் பக்கம் சில கிணறுகளின் உவர் அளவீடுகளைச் சராசரி எடுக்க ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். ஒரு கிணற்றில் ஒரு கிழமை முழுக்க எதுவும் பதிவாகவில்லை. கூட்டுத்தொகை 0, எண்ணிக்கையும் 0. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்ததும் நேன் (NaN, 'எண் அல்ல' என்கிற பெறுமதி) வந்து, அடுத்தடுத்த கூட்டலில் எல்லாம் ஒட்டிக்கொண்டு, கடைசியில் மாதச் சராசரியே நேனாகிவிட்டது. நிரல் ஒரு சத்தமும் போடவில்லை. எந்த வரியில் பிழைத்தது என்று தேடியதில் ஒரு பின்னேரம் போனது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வளர்க்கிற திறமூலக் கொம்பைலரில் (எழுதிய நிரலை ப்ராசசரின் கட்டளைகளாக மாற்றுகிற மென்பொருள்) இதற்கு ஒரு வழி செய்யவேண்டும் என்று அதற்குப் பிறகுதான் இறங்கினோம்.

புளோட்டிங் பொயின்ட் (தசம எண்) கணக்குக்கான ஐஇஇஇ 754 தரம் 1985இலேயே எக்செப்ஷன் என்று ஐந்து நிலைமைகளை வரையறுத்துவிட்டது: செல்லாத கணக்கு, பூச்சியத்தால் வகுத்தல், மேல்வழிதல், கீழ்வழிதல், துல்லியக் குறைவு. இவற்றில் ஒன்று நடந்தால் ப்ராசசர் ஒரு கொடியை (நடந்ததைக் குறித்துவைக்கிற ஒரு பிட்) ஏற்றிவிட்டுத் தன் பாட்டில் போகும். சி++இல் எறிந்து பிடிக்கிற எக்செப்ஷனுக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. அந்தக் கொடியைப் பிறகு போய்ப் பார்ப்பது ஒரு வழி, பிழைத்த உடனேயே நிரலை நிறுத்தும்படி பொறி வைப்பது மற்ற வழி.

"அண்ணா, பொறி வைச்சால் அந்த இடத்திலேயே பிடிபடும்தானே, பிறகென்ன யோசிக்கிறீங்கள்?" என்று எங்களில் இளையவன் கேட்டான். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) ப்ராசசரில் ஓடுகிற லினக்ஸில் அவன் சொல்வது சரி. ப்ராசசரின் எம்எக்ஸ்சிஎஸ்ஆர் என்ற கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் உரிய மறைப்பு பிட்டை நீக்கினால் நிரலை நிறுத்துகிற எஸ்ஐஜிஎஃப்பிஇ சிக்னல் வரும், பிழை தேடுகிற கருவியான டிபக்கர் வரியையே காட்டும். ஃபோர்ட்ரான் மொழிக் கொம்பைலரான ஜிஃபோர்ட்ரானில் இதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது. ஆனால் 64 பிட் ஆர்ம் ப்ராசசர்களில் பொறி கட்டாயமில்லை, பல சிப்களில் அது இல்லவே இல்லை. ரிஸ்க்-ஃபைவ் ப்ராசசர் தரத்தில் பொறியே கிடையாது, கொடி மட்டும்தான். சிக்னலைப் பிடித்துவிட்டுச் சும்மா திரும்பினால் அதே கட்டளை மறுபடி ஓடி, மறுபடி சிக்னல் வந்து, நிரல் அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

எனக்குப் பெரிய பயம், வேகத்துக்காகக் கோட்டை மாற்றியமைக்கிற ஒப்டிமைசர்தான். 'எண்ணிக்கை பூச்சியம் இல்லாவிட்டால் மட்டும் வகு' என்று ஒரு லூப்புக்குள் கவனமாக எழுதுகிறோம் என்று வையுங்கள். வேகத்துக்காக நாலு நாலாகச் சேர்த்துக் கணக்குப் பார்க்கிற கொம்பைலர், நாலையும் முதலில் வகுத்துவிட்டு வேண்டாததைப் பிறகு தள்ளிவிடலாம். விடை மாறாது. ஆனால் பொறி வைத்திருந்தால் நாங்கள் காவல் போட்ட அதே வகுத்தலில் நிரல் விழும், எழுதியவர் தன் கோட்டில் பிழை தேடி மண்டையை உடைப்பார்.

கொடி மலிவு, எங்கும் இருக்கிறது, துடைக்கும் வரை இறங்காது. என்ன நடந்தது என்று சொல்லும், எங்கே நடந்தது என்று சொல்லாது. அதற்கும் ஒப்டிமைசர் தொல்லை உண்டு: கொடியைப் பார்க்கிற அழைப்புக்கு அந்தப் பக்கம் கணக்கை நகர்த்திவிட்டால் நாங்கள் பார்ப்பது வெறும் பழைய கொடி. இதைத் தடுக்கவே சி மொழியின் சி99 தரம் ஒரு ப்ராக்மா (கொம்பைலருக்கு எழுதுகிற குறிப்பு) வைத்தது, கிளாங் கொம்பைலர் அதை மதிக்கிறது, ஜிசிசி கொம்பைலர் இன்னும் இல்லை.

இங்கேதான் இரண்டு கொம்பைலர்களும் பிரிகின்றன. ஜிசிசி பேசாமல் விட்டாலே, புளோட்டிங் பொயின்ட் கணக்கு பொறியில் விழலாம் என்று எண்ணி மேலே சொன்ன லூப் வேலையைச் செய்யாது. கிளாங்கின் அடியில் இருக்கிற எல்எல்விஎம் தலைகீழ், கொடியை யாரும் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளும். வேண்டுமென்றால் கூட்டல், வகுத்தல் எல்லாவற்றையும் 'கட்டுப்படுத்தப்பட்ட' இன்ட்ரின்சிக்காக (கொம்பைலருக்குள்ளேயே இருக்கிற தனி ஃபங்ஷன்) மாற்றி எழுதவேண்டும். அதில் மூன்று நிலை: கவலைப்படாதே, புதிதாக எக்செப்ஷன் கிளப்பாதே, உள்ளதை உள்ளபடி காப்பாற்று. ஃபங்ஷனில் ஒரு கணக்கை மாற்றினால் அதிலுள்ள எல்லாவற்றையும் மாற்றவேண்டும், பல ஒப்டிமைசர் படிகளுக்கு இவற்றைக் கையாளத் தெரியாது, கோட் மெதுவாகும். இருந்தும் எனக்கு எல்எல்விஎம் வழிதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் கேட்டவர் மட்டும் விலை கொடுக்கிறார், ஃபங்ஷன் வாரியாகத் தெரிவு செய்யவும் முடிகிறது.

அதனால் கொடியை அடித்தளமாக எடுத்தோம். கேட்கிற ஃபங்ஷனுக்கு மட்டும் மூன்றாவது நிலை. பிழை தேடுவதற்கான டிபக் பில்டுக்கு நடு நிலையோடு எக்ஸ்86இல் பொறி, அதனால் அந்த லூப்பும் தப்பும். ரிஸ்க்-ஃபைவில் டிபக் பில்டில் ஒவ்வொரு கணக்குக்குப் பிறகும் கொடியை வாசிக்கிற கட்டளையை நாங்களே செருகுகிறோம். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் இடத்தைக் கண்டுபிடிக்க அங்கே வேறு வழி இல்லை.

முதல் சோதனையாக அந்தக் கிணற்றுக் கிழமையையே வைத்தேன், கொடி ஏறவில்லை. சோதனையில் இரண்டு பூச்சியங்களையும் நேராக எழுதியிருந்ததால், எங்கள் கொம்பைலரின் முன்பகுதி (நிரலை முதலில் வாசிக்கிற பகுதி) கொம்பைல் பண்ணும்போதே வகுத்து நேனாக்கி வைத்துவிட்டது, ஓடும்போது வகுத்தலே நடக்கவில்லை. மூன்றாவது நிலை கேட்ட ஃபங்ஷனுக்குள், முன்கூட்டியே கணக்குப் பார்த்து வைக்கிற அந்த மடிப்பை நிறுத்துகிற வேலைதான் இப்போது போகிறது.