மூங்கிலா, எண்ணெய் பீப்பாயா?

கரீபியன் தீவான டிரினிடாடில் 1880களில் ஆங்கிலேய அரசு தோல் பறைகளுக்குக் கெடுபிடி போட்டது. சரி, மூங்கிலைத் தட்டுவோம் என்று கிளம்பியதுதான் 'தம்பூ பாம்பூ' என்ற மூங்கில் வாத்தியம். பருத்த குழாயைத் தரையில் குத்தினால் 'பூம்'. மெல்லியதைத் தோளில் சாய்த்துக் குச்சியால் தட்டுவார்கள். தாளத்துக்குப் பஞ்சமில்லை, மெட்டுதான் வராது. குத்தக் குத்த மூங்கில் பிளந்தும் போகும்.

அங்கேயே பின்னால் வந்த ஸ்டீல்பேன் என்ற எஃகு வாத்தியம் அப்படியில்லை. 1930களில் பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா என்று தொடங்கி, அப்புறம் 55 கேலன் எண்ணெய் பீப்பாய்க்கு வந்தது. அடித்தட்டைச் சுத்தியலால் கிண்ணம்போலக் குழித்து, சுரத்துக்கு ஒரு புடைப்பாகத் தட்டி எடுப்பார்கள். ரப்பர் சுற்றிய குச்சி பட்டால் முழுப் பாட்டே வரும். தெருவில் நடந்துகொண்டே கேட்க எனக்கு மூங்கில்தான் பிடிக்கும். ஆனால் 1951இல் டிரினிடாடின் டாஸ்போ என்ற ஸ்டீல்பேன் குழு லண்டனுக்குக் கொண்டுபோனது பீப்பாயைத்தான்.