பூஸ்ட் ஏத்தித் தரேன்னு சொல்லி பிரஷர் சென்சாரை ஏமாத்தி வச்ச டியூனர், டர்போ வண்டி வச்சிருக்கவங்க அவசியம் படிங்க

ரீமேப் (இன்ஜினை ஓட்டுற கம்ப்யூட்டரான ஈசியூல செட்டிங்கை மாத்துறது) பண்ணித் தரேன்னு முழுக் காசையும் வாங்கிட்டு ஒரு டியூனர் என் வண்டில ரீமேப்பே பண்ணல. எக்ஸாஸ்ட் புகையைத் திருப்பிவிட்டு டர்போவைக் கட்டுப்படுத்துற வேஸ்ட்கேட் கதவோட ராடை முறுக்கிவிட்டு, சென்சார் வயர்ல கை வச்சு அனுப்பிட்டாரு. இப்ப இன்ஜின் பிரிச்சுக் கெடக்கு.

இன்டர்கூலர், எக்ஸாஸ்ட் எல்லாம் ஏற்கனவே மாத்துன பெட்ரோல் வண்டி. கம்பெனி பூஸ்ட் (டர்போ உள்ள தள்ளுற காத்தோட அழுத்தம்) 0.8 பார், நான் கேட்டது வெறும் 1 பார். அதுக்கேத்த மாதிரி ஃபியூலும் டைமிங்கும் (பிளக் தீப்பொறி விடுற நேரம்) ஈசியூல மாத்தணும், வைட்பேண்ட் (ஏர் ஃபியூல் ரேஷியோ, அதாவது காத்து பெட்ரோல் விகிதம் அளக்குற சென்சார்) மாட்டி டைனோல (வண்டிய நிக்க வச்சே ஓட்டி பவர் அளக்குற மெஷின்) ஓட்டி லாக் (ஓடும்போது பதிவான அளவுகள்) தரணும்னு தெளிவா பேசித்தான் வண்டிய விட்டேன். எல்லாத்துக்கும் சரி சரின்னாரு. வண்டி திரும்ப வந்தப்போ கையில குடுத்தது பவர் கிராஃப் மட்டும் இருக்குற ஒரு தாள். ஏர் ஃபியூல் ரேஷியோ எங்கன்னு கேட்டா, அதெல்லாம் கஸ்டமருக்கு எதுக்குங்கன்னாரு.

வண்டி இழுத்துச்சு, இல்லங்கல. ஆனா டாப் கியர்ல மேடு ஏறும்போது மிதிச்சா பூஸ்ட் கேஜ் முள்ளு 1.2 தாண்டுது, கூடவே டின்னுக்குள்ள கல்லைப் போட்டு குலுக்குன மாதிரி சத்தம். போன் போட்டா, பெட்ரோல் சரியில்ல வேற பங்க்ல போடுங்கன்னாரு, அப்புறம் போனையே எடுக்கல.

வேற மெக்கானிக் கிட்ட காட்டுனேன், நல்ல மனுஷன், பக்கத்துல நிக்க வச்சே ஒவ்வொண்ணா காட்டுனாரு. வேஸ்ட்கேட்டைத் தொறக்குற ஆக்சுவேட்டர் ராடுல லாக் நட் பழைய எடத்துல இல்ல, அது முன்னாடி இருந்த எடத்துல துருப் பிடிக்காம ஒரு வளையம் பளபளன்னு தெரியுது, அதாவது ராடை சுருக்கி ஸ்பிரிங்குக்கு ப்ரீலோடு (முன்கூட்டியே இறுக்கம்) ஏத்திருக்காங்க, வேஸ்ட்கேட் லேட்டா தொறக்கும், பூஸ்ட் ஏறும். ஈசியூவ ரீட் பண்ணா கம்பெனி ஃபைல் அப்படியே இருக்கு, ஒரு நம்பர் கூட மாறல.

அப்ப பூஸ்ட் அளவு மீறி, ஈசியூ பெட்ரோலை நிறுத்தி ஃபியூல் கட் ஆகியிருக்கணுமே, ஏன் ஆகலன்னு தேடுனப்பதான் பூஸ்டை அளந்து ஈசியூக்குச் சொல்ற மேனிஃபோல்டு பிரஷர் சென்சார் வயர்ல கருப்பு டேப் சுத்திருந்தது கண்ணுல பட்டுச்சு. பிரிச்சா உள்ள சின்னதா ஒரு டையோடு சால்டர் பண்ணிருக்கு. சென்சார் வோல்டேஜ் ஒரு அளவுக்கு மேல ஏறாம அது புடிச்சு வச்சிடும். உள்ள போறது 1.2 பார் காத்து, ஈசியூ நினைச்சுட்டு இருக்குறது 0.8 பார், அதுக்கான பெட்ரோலத்தான் அது ஊத்தும், டைமிங்கும் அதுக்கேத்த அட்வான்ஸ்தான் (முன்கூட்டியே தீப்பொறி) குடுக்கும். அவ்ளோ பூஸ்ட்ல லீன் ஆகி (பெட்ரோல் கம்மியாகி) நாக் அடிச்சா (கலவை தாறுமாறா வெடிச்சா, அந்தக் கல்லு சத்தம் இதுதான்) எந்த பிஸ்டன் தாங்கும்? கம்பெனிக்காரன் இன்ஜினைக் காப்பாத்த வச்ச பூட்டை ஒடச்சுட்டு அதை என்கிட்ட சொல்லாமலே அனுப்பிருக்காரு, எனக்கு வயித்தெரிச்சலே அதுதான்.

பிளக் கழட்டுனா வெள்ளை பீங்கான் மேல பொடிப்பொடியா கருப்பும் வெள்ளி நிறமும் புள்ளி. அந்த வெள்ளிப் புள்ளி பிஸ்டன் அலுமினியம்ங்க. ஒரு சிலிண்டர்ல கம்ப்ரஷன் பாதிதான் இருக்கு, ஹெட்டைத் தூக்கி பிஸ்டனை வெளிய எடுத்தா ரிங்குக்கு நடுவுல இருக்குற லேண்டு (பிஸ்டன் வரப்பு) ஒடஞ்சு துண்டா கையில வருது.

பூஸ்ட் ஏத்த வண்டி விடுறவங்க ஆக்சுவேட்டர் ராடையும் சென்சார் வயரையும் முன்னாடியே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. பூஸ்ட், ஏர் ஃபியூல், டைமிங், நாக் நாலும் ஒரே லாக்ல இருந்தா மட்டும் காசைக் குடுங்க. ஃபுல் பூஸ்ட்ல ரேஷியோ 12 பக்கத்துல நிக்கணும், 13க்கு மேல போனா லீன், காலை எடுத்துடுங்க. ஏற்கனவே இப்படி எங்கயாவது விட்டு வாங்கிருந்தீங்கன்னா இன்னைக்கே பானட்டைத் தொறந்து அந்த சென்சார் வயரை கையால தடவிப் பாருங்க, புதுசா டேப் தட்டுப்பட்டா டர்போ ஏறாத அளவுக்கு மெதுவா ஓட்டிட்டுப் போயி வேற ஆள் கிட்ட காட்டுங்க.