ஜிஆர்86: வண்டி நன்று, பணம் யாருடையது?

டொயோட்டா ஜிஆர்86 காரை ஒரு வாரயிறுதிக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தேன். எனக்காக அல்ல. என் அக்கா மகனுக்குப் பத்தொன்பது வயது. சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் இருக்கிறான். சேவை முடிந்ததும் இந்த வண்டியை வாங்கித் தருவதாக அத்தான் வாக்குக் கொடுத்துவிட்டார், அக்காவுக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கார்களைப் பற்றி ஓரளவு அறிந்தவன் என்ற முறையில் பஞ்சாயத்து என்னிடம் வந்து சேர்ந்தது. ஆகவே இந்த மதிப்புரை வண்டியின் தரத்தோடு நிற்காமல், பதின்ம வயதுப் பிள்ளையின் பெயரில் இது நிற்கலாமா, நிற்கலாமென்றால் அதற்கான பணம் யாருடையதாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே பேசுகிறது.

முதலில் வண்டி. டொயோட்டாவும் சுபாருவும் கூட்டாக உருவாக்கியது. சுபாரு தன் பங்கை பிஆர்இசட் என்ற பெயரில் விற்கிறது. சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்த நிலையில் அமைந்த 2,387 சிசி எஞ்சின், டர்போ கிடையாது. குதிரைத்திறன் சுமார் 234, முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர். எடை ஏறக்குறைய 1,280 கிலோதான். எஞ்சின் தாழ்வாக அமர்ந்திருப்பதால் வண்டியின் பாரம் முழுவதும் தரையோடு ஒட்டியிருப்பது போன்ற உணர்வு முதல் வளைவிலேயே கிடைத்துவிடுகிறது. மேனுவல் கியர் கொண்ட வண்டி 6.3 விநாடிகளில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்பது நிறுவனத்தின் கணக்கு. இன்றைய மின்சாரக் கார்கள் பலவற்றுக்கு இது பெரிய வேகமில்லை. ஆனால் அந்த வேகம் வந்து சேரும் விதம் வேறு. கியர் கம்பி விரல் நீளத்துக்குள் நகர்ந்து ஒரு சொடுக்கோடு பொருந்துகிறது, ஸ்டீயரிங் சொன்ன இடத்துக்குச் சொன்ன கணத்தில் திரும்புகிறது. பின் இருக்கைகள் இரண்டு உண்டு என்று விளம்பரத்தில் சொல்லப்பட்டாலும், முன்னால் ஆள் அமர்ந்தபின் அங்கே சந்தைப் பையைத்தான் வைக்க முடியும்.

பழைய அப்பர் தாம்சன் சாலையில் மெதுவாக ஓட்டினேன். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயம் நடைபெற்ற பாதை அது. இப்போது குரங்குகளுக்காக வேகம் தணித்துப் போகவேண்டிய காட்டோரச் சாலை. அங்கே முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்கூட இந்த வண்டி ஓட்டுபவரைச் சலிப்படைய விடவில்லை. அதன்பின் சிலேத்தார் விரைவுச்சாலைக்குள் நுழைந்தபோதுதான் இந்த ஊரில் இந்த வண்டிக்குள்ள சிக்கல் விளங்கியது. எஞ்சினை அதன் உச்சச் சுழற்சி வரை விரட்டினால் இரண்டாவது கியரிலேயே வண்டி ஏறத்தாழ 98 கிலோமீட்டர் வேகம் வரை போகும். சிங்கப்பூரில் எந்தச் சாலையிலும் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் 90. அதாவது ஆறு கியர்களில் முதல் இரண்டைத் தாண்டும் முன்பே, இதை வாங்குபவர் எதற்காகப் பணம் கொடுத்தாரோ அது குற்றமாகிவிடுகிறது. வேகத்தைச் சட்டப்படி அவிழ்த்துவிட நம்மிடம் நிரந்தரப் பந்தயத் தடமும் இல்லை. சாங்கியில் ஒன்று கட்டும் திட்டம் கைகூடாமலே போயிற்று. செப்பாங் தடத்துக்கு மலேசியாவுக்குள் பல மணி நேரம் ஓட்ட வேண்டும்.

மண்டாய் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவிலிருந்து வெளிவரும்போது நான் சற்றே அதிகமாக ஆக்சிலரேட்டரை மிதித்திருக்க வேண்டும். பின்பக்கம் அரை அடி வழுக்கி, முன்பலகையில் மஞ்சள் விளக்கு இருமுறை மினுக்கி, கணினி வண்டியைத் தானே பிடித்து நேராக்கியது. பக்கத்து இருக்கையில் இருந்த மருமகன் அதைக் கவனிக்கவேயில்லை. கைப்பேசியில் எஞ்சின் சத்தத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்தான். "மாமா, இன்னொரு தடவை அப்படியே மிதியுங்க," என்றான். அவன் முரடனல்லன், வீட்டில் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாத பிள்ளை. ஆனால் வண்டி தன்னைக் காப்பாற்றியதை அறியாதவன், அது காப்பாற்ற முடியாமல் போகும் கணத்தையும் முன்கூட்டி அறியமாட்டான். இளம் ஓட்டுநரின் பக்கத்திலும் பின்னாலும் நண்பர்கள் ஏறிக்கொண்டால் விபத்து அபாயம் கூடுகிறது என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட செய்தி. 2021 பிப்ரவரியில், சீனப் புத்தாண்டுக் காலத்தில், தஞ்சோங் பகாரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கடையொன்றில் மோதித் தீப்பிடித்து ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் பதின்ம வயதினர்கூட அல்லர், இருபதுகளில் இருந்தவர்கள்.

இதையெல்லாம் அத்தானிடம் சொன்னபோது, "சட்டமே அனுமதிக்கிறதே, நீ ஏன் தடுக்கிறாய்?" என்றார். சட்டம் அனுமதிக்கத்தான் செய்கிறது; அதில்தான் எனக்குப் பெரிய குறை. மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். பதினெட்டு வயதில் 2பி உரிமம் எடுப்பவர் 200 சிசி வரைதான் ஓட்டலாம். ஓராண்டு கழித்துத்தான் 400 சிசி வரைக்கான 2ஏ, அதற்குப்பின் இன்னும் ஓராண்டு கழித்துத்தான் அதற்கு மேற்பட்ட வண்டிகள். படிப்படியாக ஏற வேண்டும். காருக்கோ அந்தப் படிகளே இல்லை. பயிற்சிப் பள்ளியின் சாதுவான வண்டியில் மூன்றாம் வகுப்பு உரிமம் பெற்ற பிள்ளை, மறுநாள் காலையில் 3,000 கிலோ எடைக்குள் அடங்கும் எந்தக் காரையும், அது ஃபெராரியே ஆனாலும், சட்டப்படி ஓட்டலாம். முதல் ஆண்டு தகுதிகாண் முத்திரையை ஒட்டிக்கொள்ள வேண்டும், அந்த ஆண்டுக்குள் 13 குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகும், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் புதிய ஓட்டுநர்கள் ஒரு டன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள கார்களை ஓட்டத் தடை உண்டு. ஜிஆர்86-இன் 174 கிலோவாட்டை அதன் எடையால் வகுத்தால் சுமார் 136 வரும். அங்கே எல்லைக்கு வெளியே நிற்கும் வண்டி இங்கே எல்லையே இல்லாத இடத்தில் விற்பனைக்கு நிற்கிறது.

ஆக, சிங்கப்பூரில் ஒரு பதின்ம வயதினருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் நடுவே நிற்கும் ஒரே தடுப்பு விலைதான். பெற்றோர் அந்த விலையைக் கொடுத்துவிட்டால், இருந்த ஒரே தடுப்பையும் அவர்களே எடுத்துவிடுகிறார்கள். பணம் யாருடையது என்பதை நான் குடும்பக் கணக்காக மட்டும் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

விலையையும் பார்த்துவிடுவோம். ஒரு கணக்குக்காக, வரிகள் சேருமுன் காரின் இறக்குமதி மதிப்பான பொதுச்சந்தை மதிப்பு 35,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்ளுங்கள். சுங்கத் தீர்வை 20 விழுக்காடு, 7,000. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி, 3,780. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000 வெள்ளிக்கு நூறு விழுக்காடும் அடுத்த 15,000 வெள்ளிக்கு 140 விழுக்காடுமாக 41,000. இதுவே 87,000 வெள்ளியை நெருங்குகிறது. எஞ்சின் அளவால் இது பி பிரிவில் விழும். அந்தப் பிரிவுக் காரைப் பத்தாண்டு வைத்திருக்க உரிமை தரும் சான்றிதழான சிஓஇ 2023 அக்டோபர் ஏலத்தில் 150,001 வெள்ளியைத் தொட்டது நினைவிருக்கலாம். சிஓஇ 110,000 என்று குறைத்தே வைத்தாலும், முகவரின் லாபத்தையும் மாசு வெளியேற்றத்துக்கான கட்டணத்தையும் சேர்ப்பதற்கு முன்பே 197,000 வெள்ளி ஆகிவிடுகிறது. எல்லாம் சேர்த்து 220,000 என்று கொண்டால், பொதுச்சந்தை மதிப்பு 20,000 வெள்ளியைத் தாண்டிய காருக்கு 60 விழுக்காடு வரைதான் கடன் என்ற விதிப்படி, 88,000 வெள்ளியைக் கையில் வைக்க வேண்டும். மிச்சத்தை ஏழாண்டுகளில் அடைக்க, வட்டி நீங்கலாகவே மாதம் 1,571 வெள்ளி. தேசிய சேவையில் புதிதாகச் சேர்ந்த வீரரின் மாதப்படி ஆயிரம் வெள்ளிக்கும் கீழே. சாலை வரி ஆண்டுக்குச் சுமார் 1,666. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மாத நிறுத்தக் கட்டணம், பெட்ரோல், டயர் எல்லாம் தனி. பத்தாண்டு முடிவில் சிஓஇயின் மதிப்பு பூஜ்யம். தேக்காவில் காலை ஐந்து மணிக்குக் கடை திறப்பவரின் பணம் இது என்பதை அத்தானுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மகனுக்குத்தான் யாரும் இன்னும் சொல்லவில்லை.

காப்பீடுதான் பேச்சை முடித்துவைத்தது எனலாம். அனுபவமற்ற இளம் ஓட்டுநருக்குச் சந்தாவும் கூடுதல், விபத்து நேர்ந்தால் முதலில் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டிய தொகையும் கூடுதல். இதைத் தவிர்க்கப் பலரும் செய்வது, வண்டியைத் தந்தை பெயரில் பதிந்து, தந்தையே ஓட்டுவதாகக் காட்டுவது. அத்தானின் யோசனையும் அதுவே. இது சாமர்த்தியம் போலத் தோன்றும், ஆனால் உண்மையில் அன்றாடம் ஓட்டுபவர் யாரென்பதை மறைத்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வழி பிறக்கிறது. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சந்தாவில் கிடைக்கும் கோரிக்கையில்லாச் சலுகையை ஒரு வண்டிக்குத்தான் பயன்படுத்த முடியும் என்பதால், அத்தான் தன் பழைய காருக்குச் சேர்த்து வைத்திருக்கும் 50 விழுக்காடு இந்த இரண்டாவது காருக்குப் பயன்படாது. மகன் ஐந்தாண்டுகள் கீறல் விழாமல் ஓட்டினாலும் அந்தச் சலுகை தந்தையின் பெயரில்தான் சேரும். தன் பெயரில் முதல் கார் வாங்கும் நாளில் பையன் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவான். போதாததற்கு, வேகக் கேமராவில் சிக்கிய வண்டியை ஓட்டியவர் யாரென்று உரிமையாளர் தெரிவிக்கத் தவறினால், அவரே ஓட்டியதாகச் சட்டம் கொள்ளும். பணமும் பெயரும் ஒருவருடையதாக, மிதிக்கும் கால் மட்டும் இன்னொருவருடையதாக இருக்கும் ஏற்பாட்டில் இருவருக்குமே நட்டம்.

வாடகைக்குத் தந்த நிறுவனத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். வண்டி சுத்தமாக இருந்தது, பத்திரம் தெளிவாக இருந்தது. மருமகனைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்க்க முடியுமா என்று கேட்டதற்கு, வயதைக் கேட்டதுமே மறுத்துவிட்டார்கள். வண்டிகளைத் தினமும் கைமாற்றிப் பிழைப்பவர்களே இந்த வயதுக்குச் சாவி தர அஞ்சுகிறார்கள் என்பதை அத்தானும் அருகில் நின்று கேட்டார். திருப்பிக் கொடுக்கும்போது சக்கர விளிம்பில் இருந்த பழைய கீறலை என் கணக்கில் எழுதப் பார்த்தார்கள். எடுக்கும்போதே நான்கு சக்கரங்களையும் படம் பிடித்திருந்ததால் முன்பணம் முழுதாகத் திரும்பி வந்தது. நீங்களும் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

மருமகனுக்கு ஓட்டும் ஆசை இருப்பதை நான் குறையாகக் காணவில்லை. மேனுவலில் உரிமம் எடுத்திருக்கிறான், எஞ்சின் படங்களை மணிக்கணக்கில் பார்க்கிறான். அந்த ஆசைக்குப் பெற்றோர் பணம் தரட்டும், ஆனால் கற்றுக்கொள்வதற்குத் தரட்டும்: வழுக்கும் தரையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சி வகுப்புக்கு, செப்பாங் தடத்தில் பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுக்கும் ஒரு நாளுக்கு, வீட்டில் இருக்கும் காரில் அவன் பெயரையும் முறையாகச் சேர்க்க ஆகும் கூடுதல் காப்பீட்டுச் சந்தாவுக்கு. கார் வாங்கும் பணம் அவன் சம்பளத்திலிருந்து வர வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபின், சிஓஇ இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் மிச்சமிருக்கும் பழைய மேனுவல் சுசுகி ஸ்விஃப்ட் போன்ற ஒன்றை அவன் தன் பெயரிலேயே வாங்கலாம். பதினெட்டு வயது நிரம்பியவர் தாமே ஒப்பந்தம் செய்துகொள்ள 2009 முதல் சட்டம் இடம் தருகிறது. தேய்மானத்தை மாதம்தோறும் தன் வங்கிக் கணக்கில் பார்ப்பவன் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் விதம் வேறாக இருக்கும் என்பது என் கணிப்பு. அக்காவுக்கு இதில் முழுச் சம்மதம். அத்தான் பயிற்சிச் செலவுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார், காரைப் பற்றி இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார்.

வண்டியைப் பொறுத்தவரை என் மதிப்பீட்டில் ஐயமில்லை. சில ஆண்டு அனுபவமும், சொந்த வருமானமும், பின் இருக்கையில் யாரையும் ஏற்ற வேண்டிய கட்டாயமில்லாத வாழ்க்கையும் உள்ள ஒருவர் கேட்டால், இந்த விலைக்குள் ஓட்டும் இன்பத்தில் இதற்கு ஈடு சொல்வது கடினம் என்பேன். வாங்குவதானால் மேனுவலையே வாங்குங்கள். ஆட்டோ கியரில் வண்டியின் உயிர் பாதி அடங்கிவிடுகிறது. அடுக்குமாடி நிறுத்துமிடத்தின் சரிவுகளில் முன் மூக்கு உரசாமலிருக்கச் சற்றே குறுக்காக ஏற்றி இறக்கப் பழகிக்கொள்ளுங்கள், கதவுகள் நீளமானவை என்பதால் ஓரத்து நிறுத்தக் கட்டம் கிடைக்கும்வரை இன்னொரு சுற்று சுற்றுவதில் தவறில்லை.