ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங் கரெக்‌ஷன் பேக்கேஜ்: 8,500 ரூபாய் போச்சு, நீங்க கட்டிடாதீங்க

சென்னையில ஐஇஎல்டிஎஸ் (வெளிநாட்டுல படிக்க, வேலைக்குப் போக எழுதற ஆங்கிலத் தேர்வு) எழுதப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க. வடபழனி பக்கம் மாடியில நடக்கிற ஒரு கோச்சிங் சென்டர். ரைட்டிங்குக்கு மட்டும் தனி பேக்கேஜ், 8,500 ரூபாய். 20 கட்டுரை அனுப்பலாம், ஒவ்வொண்ணையும் முன்னாள் எக்ஸாமினர் வரிவரியா திருத்துவார், 48 மணி நேரத்துல திரும்ப வரும்னு சொன்னாங்க.

நம்ப வெச்சது டெமோ கிளாஸ்தான். ஒரு டாஸ்க் 1 பதிலை (சார்ட், மேப் மாதிரி ஒண்ணைப் பார்த்து விவரிக்கற கேள்வி) எடுத்து, ஓவர்வியூ, அதாவது முக்கியமான போக்கைச் சுருக்கிச் சொல்றது இல்லாம எண்களை மட்டும் அடுக்கினா டாஸ்க் அச்சீவ்மென்ட்ல (கேட்டதைச் செஞ்சதுக்கான மார்க்) 9-க்கு 5-ஐத் தாண்டறது கஷ்டம்னு, எதுக்கு எவ்வளவு மார்க்னு சொல்ற பேண்ட் டிஸ்கிரிப்டரைத் திறந்து வெச்சு காட்டினாங்க. சரியான திருத்தம், இப்பவும் அதுல குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்துலயே ஜிபே-ல பணம் போயிடுச்சு. பில் கேட்டா, "வாட்ஸ்அப்ல வந்துடும் சிஸ்டர்." இன்னிக்கு வரைக்கும் வரல.

வந்த திருத்தத்தைப் பாருங்க. ஒரு ஊர் முன்னாடி எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னு ரெண்டு மேப் கொடுத்த கேள்வி. அதுக்கு கமென்ட்: "சதவீதங்களை நன்றாக ஒப்பிட்டுள்ளீர்கள்." மேப்ல ஏதுங்க சதவீதம்? முந்தின பை சார்ட் பதிலுக்கு வந்த அதே வரி, ஒரு எழுத்து மாறல. டாஸ்க் 2-ல, அதாவது கட்டுரைக் கேள்வியில, எந்த அளவுக்கு ஒத்துக்கறீங்கன்னு கேட்ட கேள்வி. ரெண்டு பக்கமும் பேசிட்டு, சொந்த நிலைப்பாடு சொல்லாமலே முடிஞ்ச கட்டுரை. குறைஞ்சபட்சம் வேண்டிய 250 வார்த்தைகூட தொடல. டாஸ்க் ரெஸ்பான்ஸ்ல (டாஸ்க் 2-ல கேள்விக்குப் பதில் சொன்னதுக்கான மார்க்) நேரா அடி வாங்கற ரெண்டு தப்பு இது, ரெண்டையும் ஒருத்தரும் சொல்லல. மார்க் 7!

அதைவிடக் கொடுமை "இம்ப்ரூவ்ட் வெர்ஷன்". எந்தத் தலைப்புக்கும் ஒட்டற மாதிரி ஒரு ரெடிமேட் முன்னுரை, அப்புறம் ஒவ்வொரு வாக்கியத்தோட தலையிலயும் ஒரு மோர்ஓவர், ஒரு ஃபர்தர்மோர். இணைப்புச் சொல்லை அளவுக்கு மீறிப் போட்டா கோஹீரன்ஸ்ல (கருத்துக் கோர்வைக்கான அளவுகோல்) மார்க் குறையும்னு அதே டிஸ்கிரிப்டர்லதான் இருக்கு. மனப்பாட வரியை எக்ஸாமினர் கண்டுபிடிச்சா அது மார்க்குக்கே சேராது. அதாவது காசு வாங்கிட்டு, மார்க் குறையற மாதிரி எழுதப் பழக்கி அனுப்பியிருக்காங்க. அப்புறம் நிஜப் பரீட்சை எழுதி கைக்கு வந்த ரிசல்ட்: ரைட்டிங் 5.5.

அதுக்கப்புறம் நடந்த அலைக்கழிப்பு இருக்கே! முதல்ல "சார் கோயம்புத்தூர் பிராஞ்ச் போயிருக்கார்." அப்புறம் "அக்கவுன்ட்ஸ்ல சொல்லியிருக்கோம்." அப்புறம் "பேக்கேஜ் ஆக்டிவேட் ஆயிடுச்சுன்னா ரீஃபண்ட் கிடையாது சிஸ்டர்." இதை 8,500 வாங்கறப்ப யாரும் வாயைத் திறந்து சொல்லல. ரீமார்க்கிங் போடுங்க, கண்டிப்பா ஏறும்னு ஒரு அட்வைஸ் வேற. அதுக்குத் தனி ஃபீஸ், மார்க் மாறினாத்தான் திரும்பக் கிடைக்கும். கடைசியா சொன்னதுதான் தாங்க முடியல: ரைட்டிங் மட்டும் ரீடேக் எடுங்க, 60 நாளுக்குள்ள எழுதிடலாம், உங்களுக்காக இன்னொரு பேக்கேஜ் 4,000-க்குத் தர்றோம்! 8,500-ஐத் திருப்பிக் கேட்டவங்ககிட்ட 4,000 கேக்கறாங்க. மறுபடி கேட்டதும் வாட்ஸ்அப் குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க.

எப்படித் தப்பிக்கலாம்னு விரிவா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப நிதானமா எழுத வரல. முக்கியமானது மட்டும். பணம் கட்டறதுக்கு முன்னாடி, வேணும்னே ஓவர்வியூவை விட்டுட்டு ஒரு டாஸ்க் 1, நிலைப்பாடு சொல்லாம ஒரு டாஸ்க் 2 எழுதிக் கொடுங்க. கண்டுபிடிக்கலன்னா கிளம்பிடுங்க. மொத்தமா ஒரு மார்க் போட்டா ஒத்துக்காதீங்க. நாலு அளவுகோலுக்கும் (கேள்விக்குப் பதில், கோர்வை, சொல்வளம், இலக்கணம்) தனித்தனியா மார்க், காரணத்தோட வேணும். டிஸ்கிரிப்டர் நெட்ல இலவசமாவே கிடைக்குது, முதல்ல அதைப் படிங்க. டாஸ்க் 2-க்கு ரெட்டிப்பு வெயிட்டேஜ், 40 நிமிஷம் அதுக்கு ஒதுக்குங்க. ரீஃபண்ட் விதியை எழுத்துல வாங்காம ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க. ஏற்கெனவே மாட்டிக்கிட்டவங்க சாட், ஜிபே ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காம 1915-க்குக் கூப்பிடுங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன். இந்த 8,500-க்கும் அங்க புகார் போயிருக்கு.